ஒரு தெரு, இரண்டு குழாய்கள்



அடுக்குமாடியில் வாழும் நமக்குத் தண்ணீர் என்பது குழாயைத் திறந்தால் வருவது மட்டுமா? பொதுக்குழுவில் மணிக்கணக்காகப் பேசப்படுவதும் அதுதானே! சம்ப் எப்போது கழுவினார்கள், டேங்கர் லாரித் தண்ணீரைச் சோதித்தார்களா, சுத்திகரிப்புக் கருவிக்குப் பணம் கார்பஸ் நிதியிலிருந்தா மாதப் பராமரிப்பிலிருந்தா, வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா... ஏறக்குறைய இதே கேள்விகளை ஜெர்மனியின் வடக்கே ஒரு பெரிய துறைமுக நகரம் இருபது முப்பது ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் வடிகட்டி கட்டலாம் என்று முடிவாகி வேலையும் தொடங்கியது. ஆனால் வேலை முடிவதற்குள் காலரா வந்துவிட்டது. ஆறு வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். அந்த ஹாம்பர்க்கின் கதையைத்தான் இந்தக் காலாண்டில் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஹாம்பர்க் கடற்கரை ஊர் அல்ல. எல்பே ஆற்றின் கரையில், வட கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் கடலின் ஏற்றமும் இறக்கமும் ஆற்றின் வழியே ஊர்வரை வரும். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆறு பின்னோக்கித் தள்ளப்படும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த ஊர் தன் துறைமுகத்தின் பிறந்த நாளை ஆண்டுதோறும் மே மாதம் கொண்டாடுகிறது. 1189ஆம் ஆண்டு மே 7 அன்று பேரரசர் பார்பரோசா, ஹாம்பர்க்கிலிருந்து கடல்வரை எல்பேயில் போகும் கப்பல்களுக்குச் சுங்கம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார் என்பது கணக்கு. காட்டப்படும் பத்திரம் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து ஊராரே தயாரித்த போலி என்று வரலாற்றாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஊர் அதற்காகக் கொண்டாட்டத்தை நிறுத்தவில்லை. வியாபாரிகளின் ஊர் அல்லவா, பத்திரத்தின் மதிப்பு தெரியும்.

லூபெக் நகரத்தோடு சேர்ந்து ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பில் ஹாம்பர்க் வளர்ந்தது. மீன், உப்பு, துணி, முக்கியமாகத் தன் ஊரில் காய்ச்சிய பீர் ஆகியவற்றை விற்றது. 1558இல் பங்குச் சந்தைக்கு முன்னோடியான வணிகர் மன்றம் தொடங்கியது. வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் மாலுமிகளைப் பிடித்து அடிமையாக விற்றபோது, அவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்கென்றே 1624இல் ஒரு பொது நிதி வைத்தது. மாலுமிகள் தங்கள் சம்பளத்திலிருந்து அதற்குக் கட்டினார்கள். இன்றைய காப்பீட்டின் பாட்டனார் என்றே சொல்லலாம். பொதுச் செலவுக்குப் பங்கு போடத் தெரியாத ஊர் இல்லை அது என்பதற்காகச் சொல்கிறேன்.

அரசியலிலும் அது தனிப் பிறவி. மன்னன் இல்லை, கோமகன் இல்லை. ஊரைச் செனட் ஆண்டது. செனட்டர்கள் பிற அரசர்கள் தரும் பட்டம், பதக்கம் எதையும் வாங்க மாட்டார்கள். நாம் யாருக்கும் கீழே இல்லை என்ற பெருமிதம். 1871இல் ஜெர்மன் பேரரசு உருவானபோதும் ஹாம்பர்க் அதற்குள் ஒரு தனிக் குடியரசாகவே நுழைந்தது.

குடியரசு என்றதும் நம் மனத்தில் ஆளுக்கொரு ஓட்டு என்றுதான் தோன்றும். இங்கே அப்படி இல்லை. செனட்டில் 18 பேர், வாழ்நாள் முழுவதும் பதவி. ஒன்பது பேர் சட்டமோ நிதித்துறையோ படித்தவர்கள். மற்றவர்களில் ஏழு பேராவது வணிகர்களாக இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் 160 பேர் கொண்ட குடிமக்கள் அவை. அதில் 40 இடங்களை நிலமும் வீடும் உள்ளவர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். இன்னும் 40 இடங்கள் நீதிபதிகள், பதவியிலிருக்கும் பெரிய மனிதர்கள் கையில். மீதி 80 இடங்களுக்குத்தான் பொதுத் தேர்தல். அதிலும் ஓட்டுப் போட, ஊரில் பிறந்து வளர்ந்தால் போதாது. தனியாகக் கட்டணம் கட்டிக் குடியுரிமை வாங்க வேண்டும். துறைமுகக் கூலி அதை எங்கிருந்து கட்டுவான்? பெண்களுக்கோ ஓட்டே கிடையாது. ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊரில் வாக்காளர்கள் ஒரு சிறு கூட்டம்.

எளிமையாகச் சொன்னால், வீட்டு உரிமையாளர் சங்கமே நாடாளுமன்றமாக இருந்த ஊர்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். 1842 மே மாதத்தில் நான்கு நாள் எரிந்த பெருந்தீ நகரின் நடுப்பகுதியை அழித்தது. மறுபடி கட்டும்போது வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலப் பொறியாளரைப் பிடித்தார்கள். அவர் சாக்கடை வலையையும், 1848இல் ரோதன்பர்க்ஸ்ஓர்ட் என்ற இடத்தில் நீரேற்று நிலையத்தையும் கட்டினார். ஐரோப்பாவில் அன்று அது ஒரு சாதனை. ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடம் ஊருக்கு மேலே. கழிவு விழும் இடம் ஊருக்குக் கீழே. தொட்டியில் தேக்கிக் கசடு படிந்ததும் குழாய்க்கு அனுப்புவார்கள். மணல் வடிகட்டியும் வேண்டும் என்று 1850களிலேயே லிண்ட்லி சொன்னார். பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள்.

ஊர் பெருத்தது. தொட்டியில் தண்ணீர் நிற்கும் நேரம் குறைந்தது. கடல் ஏற்றத்தின்போது ஆறு பின்னோக்கித் தள்ளும் என்று சொன்னேன் அல்லவா? கீழே விழுந்த கழிவு மேலே, தண்ணீர் எடுக்கும் இடத்தை நோக்கி வர ஆரம்பித்தது. 1880களில் காரல் கிரேபெலின் என்ற விலங்கியலாளர் ஹாம்பர்க் குடிநீர்க் குழாய்களில் வாழும் உயிரினங்களை மட்டும் ஆராய்ந்து ஒரு முழு ஆய்வேடு எழுதினார். புழு, நத்தை, சிப்பி, கடற்பஞ்சு வகை, விலாங்கு மீன் என்று டஜன் கணக்கில் பட்டியல் நீண்டது. ஒரு விஞ்ஞானிக்குக் குழாய்த் தண்ணீர் இப்படி விருந்து வைத்த ஊர் வேறு உண்டா தெரியவில்லை.

வடிகட்டி பற்றிய பேச்சு 1870களிலிருந்து அவையில் இழுத்துக்கொண்டே போனது. செலவை யார் தலையில் வைப்பது என்பதே பெரிய வழக்கு. வீட்டு உரிமையாளர்கள் தங்கள் மீது வரி ஏறக்கூடாது என்று கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். 1890இல்தான் ஒப்புதல் கிடைத்தது.

பணம் இல்லாத ஊரா என்று கேட்காதீர்கள். அதே காலத்தில் பிரமாண்டமான இன்னொரு வேலை நடந்தது. ஜெர்மனியின் சுங்க எல்லைக்குள் ஹாம்பர்க் சேர வேண்டும் என்று பிஸ்மார்க் நெருக்க, 1881இல் ஒப்பந்தம் ஆனது: ஊர் உள்ளே வரும், ஆனால் துறைமுகத்தின் ஒரு பகுதி சுங்கமில்லாத பகுதியாக இருக்கும். அங்கே காப்பி, தேயிலை, வாசனைப் பொருள், கம்பளம் எல்லாம் வைக்க ஷ்பைஷர்ஷ்டாட் என்ற கிடங்கு நகரத்தைக் கட்டினார்கள். மரத்தூண்கள் மீது நிற்கும் செங்கல் கட்டடங்கள், நடுவே கால்வாய்கள். 1888 அக்டோபரில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வந்து நிறைவுக் கல் வைத்தார். அந்த இடத்தில் குடியிருந்த 20,000க்கும் மேற்பட்டவர்களின் வீடுகள் இதற்காக இடிக்கப்பட்டன. அவர்களுக்கு மாற்று வீடு கட்டித் தரவில்லை. துறைமுக வேலை என்பது அன்றாடக் கூலி. விடியற்காலையில் போய் நின்றால்தான் கிடைக்கும். அதனால் தூரமும் போக முடியாது. கெங்கெஃபீர்டெல் என்ற சந்துக் குடியிருப்புகளில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள் அவை.

1892இன் கோடை கடும் வெயில். ஆற்றில் தண்ணீர் குறைவு. ரஷ்யாவில் காலரா பரவியிருந்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகும் ஆயிரக்கணக்கான மக்கள், பெரும்பாலும் யூதர்கள், ஹாம்பர்க் வழியாகத்தான் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்கென ஹாபாக் கப்பல் நிறுவனம் துறைமுகத்தில் கொட்டகைகள் போட்டிருந்தது. அங்கிருந்த கழிவு எல்பேயில் கலந்தது. நோய் அவர்களோடுதான் வந்ததா, வேறு வழியில் வந்ததா என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆற்றுக்குள் வந்தபின் மிச்ச வேலையை ஊரின் சொந்தக் குழாயே செய்துவிட்டது.

ஆகஸ்ட் நடுவில் முதல் நோயாளிகள் விழுந்தார்கள். மருத்துவமனை மருத்துவர்களுக்குச் சந்தேகம். அரசின் தலைமை மருத்துவ அதிகாரி காஸ்பர் கிராஸோ உறுதியாகத் தெரியும்வரை அறிவிக்கத் தயங்கினார். காரணம் இல்லாமல் இல்லை. காலரா என்று ஒரு வார்த்தை சொன்னால் உலகத் துறைமுகங்கள் எல்லாம் ஹாம்பர்க் கப்பல்களைத் தடுத்து நிறுத்தும். அந்தத் தயக்கத்துக்குத் தோதாக ஒரு அறிவியல் கோட்பாடும் இருந்தது. மியூனிக்கில் பெரும் புகழுடன் இருந்த பெட்டன்கோஃபர், காலராவுக்குக் கிருமி மட்டும் போதாது, அந்தந்த ஊரின் மண்ணும் ஈரமும் சேர்ந்தே நோயாகிறது, கப்பல்களைத் தடுப்பதால் பயனில்லை என்று சொல்லி வந்தார். துறைமுக வணிகர்களுக்கு இதைவிட இனிப்பான மருத்துவம் எது?

அறிவிப்பு தாமதமான அந்த நாட்களில் மொராவியா என்ற கப்பல், ஊரில் நோய் இல்லை என்ற சான்றிதழோடு நியூயார்க்குக்குப் புறப்பட்டது. போய்ச் சேரும்போது கடலில் 22 பேர் இறந்திருந்தார்கள். செப்டம்பர் 1 அன்று அமெரிக்க அதிபர் ஹாரிசன், குடியேற வருவோரின் கப்பல்களுக்கு 20 நாள் தடைக்காவல் விதித்தார். எதற்குப் பயந்தார்களோ அதுவே நடந்தது, இன்னும் மோசமாக.

ஆகஸ்ட் 24 அன்று பெர்லினிலிருந்து ராபர்ட் கோக் வந்து இறங்கினார். காலராக் கிருமியை 1884இல் நம் கல்கத்தாவில், ஒரு குளத்து நீரில்கூடக் கண்டு காட்டியவர் அவர்தான். சந்துக் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் இருக்கிறோம் என்பதே தனக்கு மறந்துபோகிறது என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். (கல்கத்தாவைப் பார்த்தவர் சொன்னதால் நமக்குச் சற்று உறுத்துகிறது, இருக்கட்டும்.) அந்த வார இறுதியில் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் புதிதாக நோயில் விழுந்தார்கள். வசதி உள்ளவர்கள் ரயிலேறி வெளியேறினார்கள். இருந்தவர்களுக்கும் வேலையாள் வைத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க முடிந்தது. சந்துகளில் அடுப்புக் கரிக்கே காசு இல்லை.

கோக் செய்த ஏற்பாடுகள் எளியவை: பள்ளிகளை மூடு, காய்ச்சிய தண்ணீரை வண்டிகளில் தெருத்தெருவாகக் கொண்டுபோ, குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே என்று எல்லோருக்கும் சொல். யார் போய்ச் சொல்வது? சந்து வீடுகளுக்குள் நுழைந்து பழக்கமுள்ள அமைப்பு ஊரில் ஒன்றுதான் இருந்தது: சோஷியல் டெமாக்ரட் கட்சி. சில ஆண்டுகளுக்கு முன்வரை தடைசெய்யப்பட்டிருந்த அதே கட்சி. அவர்களைத்தான் துண்டறிக்கை கொடுக்க அரசு நாடியது. 1890 பேரரசுத் தேர்தலில், எல்லா ஆண்களுக்கும் ஓட்டு இருந்ததால், ஹாம்பர்க்கின் மூன்று இடங்களையும் அவர்கள் வென்றிருந்தார்கள். ஊரின் சொந்த அவையிலோ அவர்களுக்கு ஓர் இடம்கூட இல்லை.

இனித் தலைப்பில் சொன்ன தெருவுக்கு வருவோம். ஹாம்பர்க்கை ஒட்டி மேற்கே அல்டோனா என்ற தனி நகரம் இருந்தது. முதலில் டென்மார்க்கின் ஆட்சியில், பிறகு பிரஷ்யாவின் கீழ். அந்தப் பெயருக்கு "ரொம்பப் பக்கம்" என்று பொருள் என ஹாம்பர்க்காரர்கள் கேலியாகக் கதை சொல்வார்கள். கேலி செய்தாலும் அல்டோனாவுக்கு ஹாம்பர்க் கடன்பட்டிருந்தது. 1813 குளிர்காலத்தில் நெப்போலியனின் படைத்தலைவர் டவூ, முற்றுகைக்கு உணவு சேர்த்துவைக்க முடியாத ஏழைகளை ஹாம்பர்க்கிலிருந்து ஆயிரக்கணக்கில் விரட்டினார். அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது அல்டோனாதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பக்கத்திலேயே இறந்து புதைக்கப்பட்டார்கள்.

இரு நகரங்களுக்கும் எல்லையாக ஓடியது ஷுல்டர்பிளாட் என்ற தெரு. தோள்பட்டை எலும்பு என்று பொருள். திமிங்கல வேட்டைக் காலத்தில் அங்கே ஒரு சாராயக்கடை, திமிங்கலத்தின் தோள்பட்டை எலும்பில் வரைந்த பலகையைத் தொங்கவிட்டிருந்ததாம். தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க், மறு பக்கம் அல்டோனா. அதே மண், அதே காற்று, அதே மாதிரி வீடுகள், அதே மாதிரி கூலி. தண்ணீர் மட்டும் வேறு.

அல்டோனாவின் தண்ணீர் ஹாம்பர்க்கினுடையதைவிட அழுக்கான இடத்திலிருந்து வந்தது என்பதுதான் இதில் விசித்திரம். ஹாம்பர்க்கின் சாக்கடை முழுவதும் விழுந்த பிறகு, ஆற்றின் கீழ்ப் பக்கத்தில் பிளாங்கனேசே அருகே அதை எடுத்தார்கள். ஆனால் 1859 முதலே அதை மணலில் வடிகட்டினார்கள். ஆயுதம் அவ்வளவுதான்: மணல். அகன்ற தொட்டியில் மணல் பரப்பி, மேலே தண்ணீரை நிறுத்தி, மெதுவாக இறங்க விடுவது. சில நாளில் மணலின் மேல் வழவழப்பான ஒரு படலம் உருவாகும். பார்த்தால் பாசி போல அருவருப்பாக இருக்கும். கிருமிகளில் பெரும்பங்கைப் பிடிப்பது அந்தப் படலம்தான். மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக இறக்கக்கூடாது என்று பின்னர் கோக் வரையறை செய்தார்.

1892இல் அந்தத் தெருவில் ஹாம்பர்க் பக்க வீடுகளில் நோய் புகுந்தது, எதிர்ப்பக்கம் தப்பியது. அல்டோனாவிலும் சில நூறு பேருக்கு நோய் வந்தது உண்மை. பெரும்பாலும் ஹாம்பர்க்கில் வேலைக்குப் போய்த் தண்ணீர் குடித்தவர்கள். இதைவிட வலுவான சாட்சி ஒன்று உண்டு. எல்லையோரம் ஹாம்பர்க் மண்ணில் இருந்த ஒரு தொழிலாளர் குடியிருப்புக்கு, வசதி கருதி அல்டோனாவின் குழாயிலிருந்து இணைப்பு கொடுத்திருந்தார்கள். நம்முடையதைப் போல ஒரு முற்றத்தைச் சுற்றிய கட்டடத் தொகுதி, நூற்றுக்கணக்கான பேர். சுற்றிலும் காலரா, அந்த முற்றத்துக்குள் மட்டும் வரவில்லை. மண்ணும் ஈரமும் காரணம் என்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டுமே!

பெட்டன்கோஃபர் ஒப்புக்கொள்ளவில்லை. அக்டோபர் 7 அன்று, ஹாம்பர்க் நோயாளியிடமிருந்து வளர்த்த கிருமிக் கரைசலை, தம் எழுபத்து நான்காம் வயதில், சாட்சிகள் முன் மடமடவென்று குடித்துக் காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்துவிட்டார். தைரியத்தைப் பாராட்டலாம், ஆனால் ஹாம்பர்க்கில் அதற்குள் யாரும் அவரைக் கேட்கும் நிலையில் இல்லை.

வடிகட்டிக் கட்டுமானத்தை இப்போது இரவு பகலாக முடுக்கினார்கள். இருபது ஆண்டு பேசியது, சில மாதங்களில் முடிந்தது. 1893 மே மாதம் கால்டெஹோஃபே தீவிலிருந்து வடிகட்டிய தண்ணீர் ஓடத் தொடங்கியது. அதே குளிர்காலத்தில் அல்டோனாவுக்கும் ஒரு அடி விழுந்தது: கடும் உறைபனியில் மணல் உறைந்து, ஒரு வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யாமல், அங்கே சிறிய அளவில் காலரா தலைகாட்டியது. கருவி இருந்தால் போதாது, பராமரிப்பும் வேண்டும் என்பதை நம் பம்ப் அறைப் பொறுப்பாளரிடம் சொன்னால் ஆமோதிப்பார்.

அரசியல் அத்தனை வேகமாக மாறவில்லை. குடியுரிமைக் கட்டணம் 1896இல் நீங்கியது. ஆனால் தொடர்ந்து ஐந்து ஆண்டு 1,200 மார்க் வருமானம் காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் துறைமுகத் தொழிலாளர்கள் பதினொரு வாரம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். 1901இல் ஓட்டோ ஷ்டோல்டன் என்ற சோஷியல் டெமாக்ரட் தனி ஆளாக அவைக்குள் நுழைந்தார். 1904 தேர்தலில் பதின்மூன்று பேர் ஆனதும் ஆளும் வர்க்கத்துக்கு உதறல் எடுத்தது. 2,500 மார்க்குக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் ஓட்டுக்கு அதிக இடங்கள் என்று 1906இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்கள் அதற்கு "வாக்குரிமைக் கொள்ளை" என்று பெயர் வைத்தார்கள். ஜனவரி 17 அன்று தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் என்னவோ நிறைவேறியது.

எல்லோருக்கும் சம ஓட்டு, பெண்களுக்கும் ஓட்டு என்பது போரில் தோற்று, பேரரசு விழுந்த பிறகே வந்தது. 1919 மார்ச் 16 அன்று நடந்த தேர்தலில் சோஷியல் டெமாக்ரட்கள் பாதிக்கும் மேலான இடங்களைப் பிடித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், முதல் மேயர் பதவியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டு வணிகர்களின் நம்பிக்கை குலையக்கூடாது என்று அதைப் பழைய குடும்பத்து மனிதர் ஒருவருக்கே விட்டுவிட்டு, ஷ்டோல்டன் இரண்டாம் மேயராக உட்கார்ந்தார். துறைமுகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை இப்போது அவர்கள் தோளுக்கு வந்துவிட்டது!

அல்டோனா 1937இல் ஹாம்பர்க்கோடு இணைக்கப்பட்டது. ஷுல்டர்பிளாட் இன்று எதற்கும் எல்லை இல்லை, காப்பிக்கடைகள் நிறைந்த தெரு. கால்டெஹோஃபேயின் மணல் தொட்டிகள் 1990 வரை பயன்பட்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கின்றன.

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் ஜெர்மனியில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போய் ஹாம்பர்க் பக்கம் போக நேர்ந்தால், ஷ்பைஷர்ஷ்டாட்டைப் படகில் சுற்றிக் காட்டுவார்கள், கட்டாயம் பாருங்கள். அப்படியே நகர மன்றத்தின் உள் முற்றத்துக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். அங்கே ஒரு நீரூற்று இருக்கிறது. உச்சியில் நிற்பவள் ஹைஜியா, கிரேக்கர்களின் ஆரோக்கிய தேவி. அவள் காலடியில் கிடக்கும் பூதநாகம்தான் 1892இன் காலரா.